வென்ஸ்டேக்குள் ஓர் ஆறாம் வேற்றுமை

தேவிபட்டினத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்க வருவார்கள். பாதிக்கு மேல் கடல் தொழில் வீட்டுப் பிள்ளைகள். ஆங்கிலக் கிழமைகளைச் சொல்லச் சொன்னால் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். எழுதச் சொன்னால்தான் தகராறு. எல்லாரும் போய் முட்டிக்கொள்கிற இடம் வென்ஸ்டே. 'வெட்-நெஸ்-டே' என்று மூன்று துண்டாக்கி முணுமுணுத்துக்கொண்டே எழுதுவார்கள். நானும் அப்படித்தான் தேறினேன். போன மாதம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "வாயில வராத டியை எதுக்கு டீச்சர் எழுதணும்?"

"அது ஒரு சாமி பேருல மிச்சமிருக்கிற எழுத்துடா" என்றேன். அன்றைக்குக் கணக்குப் பாடம் நடக்கவில்லை.

அந்தச் சாமி வோடன். கிறித்தவம் பரவுவதற்கு முன் இங்கிலாந்தில் குடியேறிய ஆங்கிலோ-சாக்சன் மக்கள் கும்பிட்ட பெருந்தெய்வம். நார்வே, ஐஸ்லாந்துப் பக்கம் இவரையே ஓடின் என்பார்கள். டப்பிங் படம் பார்க்கிற பிள்ளைகளுக்கு ஓடினையும் தெரியும், தோரையும் தெரியும். பழைய ஆங்கிலத்தில் இந்த நாளின் பெயர் ஏறக்குறைய 'வோட்னெஸ்-டெய்'. வோடனுடைய நாள். காலப்போக்கில் வாய் அந்த டியை விழுங்கிவிட்டது. கை மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது.

சரி, டிக்குக் காரணம் கிடைத்தது. நடுவில் இருக்கிற 'எஸ்'? அதற்கு நம் இலக்கணத்துக்குள்ளேயே போகலாம். 'கிழமை' என்றால் நாள் என்றுதான் இன்று நமக்குப் படுகிறது. பழைய தமிழில் அதற்கு உரிமை, உடைமை என்று பொருள். கிழவன் என்றால் முதலில் வயசாளி இல்லை, உரியவன். கிழார், கிழத்தி எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஆறாம் வேற்றுமைக்கு 'கிழமைப் பொருள்' என்று இலக்கணக்காரர்கள் பேர் வைத்ததும் அதனால்தான். சாத்தனது கை தற்கிழமை, சாத்தனது வீடு பிறிதின்கிழமை என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டது ஞாபகம் இருக்கும். ஆக, புதன்கிழமை என்றால் புதனுக்கு உரியது.

"உங்க மாமாவோட வள்ளம்னு சொல்றோம்ல, அந்த 'ஓட'தான் இங்க எஸ்" என்றேன். வோடனோட நாள். பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழில் கிழமை என்ற சொல்லே உடைமையைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை ஓர் உருபு செய்கிறது. டியூஸ்டே, வென்ஸ்டே, தர்ஸ்டே மூன்றிலும் எஸ் அப்படியே தங்கியிருக்கிறது. சன்டே, மண்டே, ஃப்ரைடேயில் இருந்த பெயர்களுக்குப் பழைய ஆங்கிலத்தில் உருபு வேறு. அது தேய்ந்து மறைந்துபோனது. சாட்டர்டேயிலும் ஒரு காலத்தில் எஸ் ஒட்டியிருந்தது, உதிர்ந்துவிட்டது.

எங்கள் ஊரில் கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. நவபாஷாணம் என்று வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறி வருவது இதற்குத்தான். ராமர் இலங்கைக்குப் போகுமுன் நவக்கிரகங்களுக்காக நட்டார் என்பது ஐதீகம். நடைமேடையில் நின்று பார்த்தால், தண்ணீர் ஏறியிருக்கிற நேரத்தில் சில கற்களின் தலை மட்டும் தெரியும். அந்த ஒன்பதில் ராகுவையும் கேதுவையும் கழித்துவிட்டால் மீதி ஏழு. அதுதான் வாரம். (நாள் கிடைக்காத ராகு சும்மா இருக்கவில்லை. தினமும் ஒன்றரை மணி நேரத்தை ராகுகாலம் என்று வாங்கிக்கொண்டார்.)

ரோமானியர்களும் இதே ஏழைத்தான் இதே வரிசையில் வைத்திருந்தார்கள்: சோல், லூனா, மார்ஸ், மெர்க்குரி, ஜூபிடர், வீனஸ், சாட்டர்ன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஒன்றுகூட இடம் மாறவில்லை. ஆனால் வானத்தில் இந்த ஏழும் இந்த வரிசையில் இல்லையே? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் புதன் எப்படி வந்து உட்கார்ந்தது? விடை நம் வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிற நாள்காட்டியில் இருக்கிறது. ஓரை என்று ஒரு கட்டம் போட்டிருப்பார்களே, அதுதான்.

பழங்காலத்துக் கணக்கில் மெதுவாக நகர்வது தொலைவில் இருப்பது, வேகமாக நகர்வது பக்கத்தில் இருப்பது. அப்படி அடுக்கினால் சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் இந்த வரிசையில் மணிக்கு ஒருவராக ஆளச் சொன்னார்கள். முதல் மணி யாருடையதோ, நாள் முழுக்க அவர் பேர். சனிக்கிழமை முதல் மணி சனிக்கு. மூன்று சுற்று முடிந்தால் 21 மணி. 22-ஆவது மறுபடியும் சனி, 23 குரு, 24 செவ்வாய். மறுநாள் முதல் மணி? சூரியன். ஞாயிற்றுக்கிழமை. அங்கிருந்து இன்னொரு 24 எண்ணினால் சந்திரனில் வந்து நிற்கும். அப்புறம் செவ்வாய். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து ஆளுக்கொரு கிரகத்தின் பேரைக் கொடுத்து எண்ணவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கணக்கு சரியாக வந்து விழுந்தபோது அவர்களைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

'ஓரை' என்ற சொல்லே கிரேக்க 'ஹோரா'விலிருந்து சமஸ்கிருதம் வழியாக நமக்கு வந்தது. மணி நேரத்துக்கு ஆங்கிலத்தில் 'அவர்' என்கிறோமே, அதுவும் அதே ஹோராவின் பிள்ளைதான். பாபிலோனிய, கிரேக்க சோதிடத்தில் விளைந்த இந்தக் கணக்கு ஒரு பக்கம் ரோமுக்குப் போனது, இன்னொரு பக்கம் இந்தியாவுக்கு வந்தது. கி.பி. 321-இல் கான்ஸ்டன்டைன் மன்னன் 'சூரியனின் நாளில்' நகரங்களில் இருப்பவர்கள் வேலை செய்யக் கூடாது என்று ஆணை போட்டான். இந்தியாவில் மத்தியப் பிரதேசத்து ஏரணில் 484-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று வியாழக்கிழமையைக் குறிக்கிறது. தமிழில் 7-ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் கோளறு பதிகத்தில் ஞாயிறு தொடங்கிச் சனி வரை இதே வரிசையில் அடுக்கிவிட்டு, 'பாம்பிரண்டும்' என்று ராகு கேதுவைக் கடைசியில் சேர்த்துவிட்டார். வைகை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்திலிருக்கிற அழகன்குளத்தில் 4-ஆம் நூற்றாண்டு ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அந்தக் கப்பலில்தான் கிழமையும் வந்து இறங்கியது என்று நான் கதை கட்டப்போவதில்லை. காசைப் போட்டுவிட்டுப் போனவர்களும் இதே ஏழைத்தான் எண்ணினார்கள் என்பதே எனக்குப் போதும்.

ரோமானியர்களின் பட்டியலை வாங்கிக்கொண்ட ஜெர்மானியக் குடிகள் ஒரு வேலை செய்தார்கள். ரோமானிய தெய்வத்தை எடுத்துவிட்டு, குணம் ஒத்துப்போகிற தங்கள் தெய்வத்தை அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். குலசாமியை மாற்றிக்கொள்ளாமல் கோயிலை மட்டும் வாங்கிக்கொண்ட மாதிரி. தந்திரமும் பேச்சுத் திறமையும் உள்ள, ஊர் ஊராய் அலைகிற மெர்க்குரிக்குப் பதில் வோடன். நமக்கும் புதன் என்றால் புத்திதான், 'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது.'

செவ்வாய்க்கு மார்ஸ், போர்க்கடவுள். அந்த இடத்துக்கு ஆங்கிலேயரின் முன்னோர் டீவ் என்கிற தெய்வத்தைக் கொண்டுவந்தார்கள். வடக்கே இவர் பேர் டீர், ஒற்றைக் கை. ஃபென்ரிர் என்ற ராட்சச ஓநாயைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. 'ஏமாற்ற மாட்டீர்கள் என்பதற்கு யாராவது என் வாயில் கை வைக்கட்டும்' என்றது ஓநாய். இவர் ஒருவர்தான் வைத்தார். கட்டு இறுகியதும் ஓநாய் கையைக் கடித்துத் துண்டித்துவிட்டது. நாமும் செவ்வாயைப் போருக்குப் போன முருகனுக்குத்தானே கொடுத்திருக்கிறோம்! இன்னொரு ஒட்டும் உண்டு. டீவ் என்ற பேரும் சமஸ்கிருத 'தேவ'வும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. அந்த தேவவின் பெண்பால்தான் தேவி. டியூஸ்டேயின் முதல் அசையும் தேவிபட்டினத்தின் முதல் சொல்லும் தூரத்துச் சொந்தம். பஸ் போர்டில் ஊர்ப் பேரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த நினைப்பு வருகிறது.

தர்ஸ்டே எளிது. தண்டர் என்றால் இடி, தூனொர் என்பது இடித்தெய்வம், நார்வேக்காரர்களின் தோர். ஜூபிடரும் இடியை ஆயுதமாக வைத்திருந்ததால் பொருத்தம் சரியாக அமைந்தது. நம்மிடம் இடி இந்திரன் கையில் இருக்கிறது, வியாழனோ குரு. கிரகம் ஒன்றே, கதைதான் வேறு. ராமேசுவரத்தில் அப்துல் கலாம் பிறந்த 15.10.1931 ஒரு வியாழக்கிழமை. ஆசிரியராக நினைவுகூரப்பட விரும்பியவருக்கு குருவின் நாள் சரி. ராக்கெட் விட்டவருக்கு இடிக்கடவுளின் நாளும் அப்படியொன்றும் பொருந்தாமல் போகவில்லை.

ஃப்ரைடேயில் இருப்பவள் ஃப்ரிக், வோடனின் மனைவி. அன்புக்குரியவள் என்று பொருள். சமஸ்கிருத 'ப்ரியா'வும் அதே வேரில் கிளைத்ததுதான். இதைச் சொன்னதும் திண்ணையில் இருந்த பிரியாக்கள் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வீனஸுக்கு இணையாக ஃப்ரிக்கை வைத்தது சரிதான். நம் சுக்கிரன் ஆண், அசுரகுரு. ஆனாலும் வெள்ளிக்கிழமை விளக்கு அம்மனுக்குத்தான் எரிகிறது. இங்கிலாந்துக் கடலோடிகள் வெள்ளிக்கிழமை கப்பல் எடுக்க அஞ்சுவார்களாம், அதுவும் நமக்கு நேரெதிர்.

சாட்டர்ன் மட்டும்தான் பேர் மாறாத ரோமானியர். சாட்டர்டேயில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். சனி பிடித்தால் விடாது என்று சும்மாவா சொன்னார்கள்! ஆனால் ஸ்வீடன், நார்வே பக்கம் அவரையும் விட்டுவிட்டு, சனிக்கிழமைக்குக் 'குளிக்கிற நாள்' என்று பேர் வைத்தார்கள். ஸ்வீடிஷ் மொழியில் 'லோர்டாக்' என்பதன் பழைய பொருள் அதுதான். 'சனி நீராடு' என்று ஆத்திசூடி சொன்னதைக் கேட்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு துரத்துகிற அம்மாக்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சன்டே, மண்டேக்குப் பெரிய விளக்கம் வேண்டாம், சூரியனும் நிலாவும்தான். 'மூன்' என்பதற்கும் நாம் 'மாசம்' என்பதற்கும் ஒரே பூர்வீகம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எல்லா ஊரிலும் கிழமைக்குச் சாமி பேர்தான் என்று நினைத்துவிட வேண்டாம். கீழக்கரையில் மதரசாவுக்குப் போகிற பிள்ளைகள் அரபியில் அஹத், இஸ்னைன், ஸலாஸா என்று படிப்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று போகிற எண்கள். வெள்ளியும் சனியும் மட்டும் எண் இல்லை. வெள்ளி, கூடுகிற நாள், ஜும்ஆ. சனி, ஓய்வு நாள், ஸப்த். போர்த்துக்கீசியர்களும் எண்ணித்தான் சொல்கிறார்கள். திங்கள் 'இரண்டாவது', செவ்வாய் 'மூன்றாவது'. பழைய தெய்வங்களின் பேர் கிறித்தவர் வாயில் வரக் கூடாது என்று அங்கே திருச்சபை பிடிவாதமாக இருந்ததன் விளைவு அது. முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியர் நமக்கு ஜன்னல், சாவி, அலமாரி, மீன் கூறுகிற இடத்தில் தினமும் கேட்கிற 'ஏலம்' எல்லாம் கொடுத்தார்கள். கிழமையைக் கொடுக்கவில்லை.

லிஸ்பனில் 1647-இல் பிறந்த பாதிரியார் ஜான் டி பிரிட்டோ என்கிற அருளானந்தர் ஓரியூரில் வெட்டுண்டு இறந்தது 1693 பிப்ரவரி 4. தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதன் அது. தங்கச்சிமடத்தில் பெரியவர்கள் விபூதிப் புதன் என்பார்கள். அவருடைய தாய்மொழியில் அந்த நாள் வெறும் 'நான்காவது'. அவரைக் கொண்டாடுகிற தமிழ்க் கிறித்தவர் வாயில் அது புதன் கிரகத்தின் நாள். ஆங்கிலத்தில் ஜெபம் சொல்கிறவருக்கு அது வோடனின் நாள். ஜெர்மனியில் வோடன் வேண்டாம் என்று 'நடுவாரம்' ஆக்கிவிட்டார்கள். ஆங்கிலேயர் இதற்கெல்லாம் மெனக்கெடவில்லை.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதிலும் குழப்பம் உண்டு. ஏர்வாடி தர்காவுக்கு வியாழன் சாயங்காலம் கூட்டம் கூட்டமாகப் போகிறவர்கள் அதை 'வெள்ளி ராத்திரி' என்பார்கள். இஸ்லாமியக் கணக்கில் பொழுது சாய்ந்தால் அடுத்த நாள். பஞ்சாங்கத்தில் சூரிய உதயம். ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவு. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22, செவ்வாய் இரவு தொடங்கி 23 விடியும்வரை அடித்தது. ஆங்கிலத் தேதிப்படி பாதிப் புயல் செவ்வாய், மீதி புதன். பஞ்சாங்கப்படி முழுக்கச் செவ்வாய். பிறைக் கணக்குக்காரருக்கு முழுக்கப் புதன். ஒரே ராத்திரிதான்.

இனி எழுதுவதும் பேசுவதும். கிழமைப் பெயர் ஆங்கிலத்தில் எங்கே வந்தாலும் முதல் எழுத்து பெரிய எழுத்து, சாமி பேர் என்பது ஞாபகத்தில் இருந்தால் இது மறக்காது. நாம் 'திங்கக்கிழமை வாறேன்' என்று உருபில்லாமல் சொல்லிப் பழகியதால், பிள்ளைகள் 'ஆன்' போடாமல் விட்டுவிடுகிறார்கள். ஆன் மண்டே என்று எழுத வேண்டும். ஆனால் முன்னால் திஸ், நெக்ஸ்ட், லாஸ்ட், எவ்ரி வந்துவிட்டால் ஆன் போய்விடும். வாராவாரம் நடப்பதைச் சொல்ல 'ஆன் மண்டேஸ்' என்று பன்மை. ராமேசுவரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று வைத்திருக்கிற முறையைச் சொல்ல இது கச்சிதமாகப் பொருந்தும். 'வீக்டே' என்றால் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை வேலை நாள். ஞாயிறு கடலுக்குப் போகாத ஊரும் வெள்ளி போகாத ஊரும் அடுத்தடுத்து இருக்கிற இந்தக் கரையில் அந்தச் சொல் கொஞ்சம் அந்நியம்தான்.

நெக்ஸ்ட் ஃப்ரைடே என்றால் வருகிற வெள்ளியா, அதற்கு அடுத்ததா என்பதில் ஆங்கிலேயருக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. நம் 'அடுத்த வெள்ளி'யும் அப்படித்தான். தேதியையும் சேர்த்து எழுதிவிடுவது உத்தமம்.

சுருக்கெழுத்து இன்னும் மோசம். டியூஸ்டே, தர்ஸ்டே இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும். தமிழில் ட, த என்று தனித்தனியாக நிற்பதால் நமக்குக் காது ஏமாறாது, கண்தான் ஏமாறும். சில வருஷம் முன்பு நண்டு வாங்குகிற கம்பெனி ஒன்றிலிருந்து வண்டி வருகிற நாளை மூன்றெழுத்துச் சுருக்கத்தில் அண்ணனுக்கு எழுதி அனுப்பியிருந்தார்கள். படித்துச் சொன்னது நான்தான். நடு எழுத்தைக் கவனிக்காமல் டியூஸ்டே என்றேன். அண்ணன் திங்கள் ராத்திரியே நண்டை ஐஸில் அடுக்கி வைத்தார். செவ்வாய் வண்டி வரவில்லை, புதனும் வரவில்லை. வியாழக்கிழமை வந்தபோது ஐஸுக்குக் கொடுத்த காசு ஒரு பக்கம், விலை குறைத்துக் கேட்டது ஒரு பக்கம். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மதினிதான் இன்றுவரை, "தர்ஸ்டே டீச்சர்" என்று கூப்பிடுகிறார்.

கடைசியாக ஒன்று. 'புதனுக்குள்ள' என்று சொல்ல நினைத்து 'வித்தின் வென்ஸ்டே' என்று எழுதுவது நம் பக்கத்துப் பழக்கம். வித்தின் என்பது மூன்று நாளுக்குள், ஒரு வாரத்துக்குள் என்று கால அளவுக்கு. குறித்த நாளுக்குள் என்றால் 'பை'. அந்த நாள் வரைக்கும் என்றால் 'அன்டில்'. நேற்று அந்தப் பையனிடம், ராமேசுவரத்துக்கு லாஞ்சு வேலைக்குப் போயிருக்கிற அப்பா எப்போது வருவார் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். 'மை ஃபாதர் வில் கம் வித்தின் வென்ஸ்டே' என்று எழுதிக்கொண்டு வந்தான். வித்தினை அடித்து, மேலே பை என்று எழுதினேன்.

"டி சரியா இருக்குல்ல டீச்சர்?" என்றான்.

இருந்தது.